மூன்றாம் அடுப்புக்கு ஒரு மனு

எங்கள் சேகோ ஆலையில் பெண்களுக்குச் சங்கப் பிரதிநிதியாக என்னைப் போட்டதற்கு இரண்டே காரணம்தான். ஒன்று, எட்டாவது வரை படித்திருந்தேன், கையெழுத்து மணிமணியாக இருக்கும். இரண்டு, எனக்கு வாய் நீளம். ஆண்கள் கூடிப் பேசி, இவள் நம்மோடு மல்லுக்கட்டுவதற்குப் பதிலாக முதலாளியோடு மல்லுக்கட்டட்டும் என்று அந்தப் பதவியைத் தூக்கி என் தலையில் வைத்தார்கள். நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. புத்தியும் அந்த அளவுக்குத்தான் இருந்தது.

ஆலை நாமக்கல்லுக்குக் கிழக்கே, எருமப்பட்டிக்குப் போகிற வழியில் இருந்தது. அரை மைல் தூரத்துக்கு முன்னாலேயே புளித்த வாடை மூக்கில் ஏறும். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லாரியில் வந்து மலையாகக் குவியும். பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து தோல் உரிப்போம். அப்புறம் அதைக் கழுவி, மிஷினில் அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிடுவார்கள். அடியில் படிகிற மாவை எடுத்துக் குருணையாகக் குலுக்கி, அடுப்பின் மேலே அகலமான இரும்புத் தட்டில் தேங்காயெண்ணெய் தடவி வறுத்துக் களத்தில் காயப் போட்டால் ஜவ்வரிசி. ஊர் உலகமெல்லாம் பாயசத்தில் போட்டு உறிஞ்சிக் குடிக்கிறதே, அதற்குப் பின்னால் இத்தனை எழவு இருக்கிறது.

வறுக்கிற அடுப்பு ஆறு. வறுப்பது ஆம்பிளை வேலை, ஆண்கூலி. உரிப்பது பொம்பளை வேலை, பெண்கூலி. பெண்கூலி என்றால் ஆண்கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. இதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. மழை மேலேயிருந்து பெய்கிற மாதிரி அது பாட்டுக்கு இருந்தது.

பிறகு திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட ஆந்திராவுக்கும் அதற்கு மேலேயும் போக ஆரம்பித்தன. அடுப்படியில் நின்ற ஆண்கள் ஒவ்வொருத்தராக அதில் ஏறிப் போனார்கள். அடுப்பு காலியாக நின்றால் மாவு புளித்துப் போகும். மேஸ்திரி உரிக்கிற குவியலுக்கு வந்து, உடம்பில் தெம்பு இருக்கிற மூன்று பேரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வாரத்துக்குத்தான் என்றார். அந்த ஒரு வாரம் ஆறு வருஷம் ஓடியது. பிற்பாடு இன்னொருத்தியும் சேர, ஆறு அடுப்பில் நாலில் பெண்கள் நின்றோம். இரண்டாவது அடுப்பு என்னுடையது. கூலி மட்டும் அதே பெண்கூலி. வருகைப் பதிவேட்டில் எங்கள் நாலு பேருக்கும் நேராகத் தோல் உரிப்பு என்றுதான் எழுதியிருந்தது.

மூன்றாம் அடுப்பில் நின்றவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவள் என்னைவிட நாலைந்து வயது இளையவள். உரிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கத்தி போகிறதே தெரியாது, தோல் மட்டும் கழன்று விழும். ஒருநாள் அரைக்கிற மிஷினில் கிழங்கு சிக்கிக்கொண்டது. தள்ளிவிடப் போனவளுடைய வலக்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. நஷ்ட ஈடு என்று ஒன்று உண்டு என்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டார். காயம் ஆறியதும், பாவம், கத்தி பிடிக்க முடியாதே என்று காலியாக இருந்த மூன்றாம் அடுப்பில் அவளை விடச் சொன்னார். அடுப்பில் கிண்டுவது பெரிய மரத்துடுப்பு. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தால் மூன்று விரலே போதும். அவள் புருஷன் ரிக்கில் போனவன், ஒரே ஒரு கடிதாசி போட்டான், அதோடு சரி. இரண்டு பிள்ளைகள். அந்த அடுப்பு இல்லையென்றால் அவளுக்கு வேறு வேலை எதுவும் கிடையாது. காட்டு வேலைக்குக் களைக்கொத்தைப் பிடிக்க முடியாது, கடலைக்காய் பறிக்க முடியாது. முதலாளியை அவள் சாமி என்று கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவோம், ஆனால் அவள் நிஜமாகவே கும்பிடுகிற சாமியாக நினைத்துக் கூப்பிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் சேலத்திலிருந்து சங்கச் செயலாளர் வந்தார். கதர்ச் சட்டை, கையில் ரெக்ஸின் பை, முகத்தில் எந்நேரமும் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி ஒரு களைப்பு. நல்ல மனிதர். பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். ஒரே வேலையை ஆணும் பெண்ணும் செய்தால் ஒரே கூலி கொடுக்க வேண்டும் என்று டெல்லியில் சட்டம் போட்டிருக்கிறார்களாம். அது வந்தே நாலைந்து வருஷம் ஆகிவிட்டதாம். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, ஆத்திரம். நாலைந்து வருஷமாக எங்களுடைய சட்டம் ஒன்று எங்கேயோ ஒரு அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது, இங்கே நாங்கள் பாதிக் கூலிக்கு வெந்துகொண்டிருக்கிறோம். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அவரிடம் எகிறினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சங்கக் கூட்டத்தில் இதை வைத்தபோது ஆண்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். சங்கமே அவர்களுடையது, நாங்கள் சந்தா கட்டுகிற கூட்டம். மூட்டை தூக்குகிறவர்களில் மூத்தவர் ஒருத்தர் எழுந்து, பொம்பளைகளுக்கும் அதே கூலி என்றால் அப்புறம் நமக்கு என்ன மரியாதை இருக்கிறது, மூட்டையையும் அவர்களே தூக்கட்டும் என்றார். நீங்கள் ஒரு பொழுது என் அடுப்பில் நில்லுங்கள், அப்புறம் மூட்டையைப் பற்றிப் பேசலாம் என்றேன். சிரித்தார்கள். சிரித்துவிட்டு, செய்வதை நீயே செய்துகொள் என்கிற மாதிரி ஒரு தீர்மானம் போட்டார்கள். அதுவே பெரிது என்று செயலாளர் சொன்னார்.

மனுவை நான்தான் எழுதினேன். தொழிலாளர் ஆய்வாளர் நேரில் வந்து பார்த்து நியாயம் வழங்க வேண்டும் என்று, அடித்தல் திருத்தல் இல்லாமல் இரண்டு பக்கம். அடுப்பில் நின்ற மற்ற இரண்டு பெண்களும் உடனே கைநாட்டு வைத்தார்கள். மூன்றாம் அடுப்புக்காரி வைக்கவில்லை. நாங்கள் மற்ற மூன்று பேரும் ஆள் குறைந்த நாளில் உரிக்கவும் போவோம். அவள் அடுப்புக்கு வந்த பிறகு ஒருநாள்கூட உரிக்கப் போகாதவள். அவளால் உரிக்கவே முடியாது என்பதற்கு அவள் கையே சாட்சி. பதிவேட்டில் தோல் உரிப்பு என்று எழுதியிருப்பது பொய் என்று நிரூபிக்க அவள் கையைத் தூக்கிக் காட்டினால் போதும் என்று செயலாளர் சொன்னார். அவள் பேர் இல்லாவிட்டால் மனுவுக்குப் பாதி உயிர் இல்லை என்றார்.

அவள் வீட்டுக்கு மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை அவள் அழுதாள்.

"எனக்குக் கூலி ஒசர வேண்டாமுங்கக்கா. அந்த அடுப்பு இருந்தாப் போதும். இந்தக் கையை வெச்சுட்டு நான் வேற எங்கீங்க போவேன்?"

எனக்குக் கோபம் வந்தது. இப்படி ஆளுக்கு ஆள் போதும் போதும் என்று சொல்லித்தானே இந்த நிலைமைக்கு வந்திருக்கிறோம் என்று கத்தினேன். சட்டத்திலேயே இருக்கிறது, மனுப் போட்டதற்காக யாரையும் வேலையிலிருந்து எடுக்க முடியாது என்றேன். அது சட்டத்தில் இருந்ததா இல்லையா என்று எனக்கே சரியாகத் தெரியாது. வாய் சொல்லிவிட்டது.

"உன்ற அடுப்பு எங்கயும் போவாது. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த மூன்று விரல் கையை நீட்டினாள். நான் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி மனுவில் வைத்தேன்.

மனுப் போய் ஒரு பருவம் முடிந்து அடுத்த பருவம் வந்தது. பதில் இல்லை. செயலாளர் சேலம் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கடைசியில் ஒருநாள், இன்ன வாரத்தில் ஆய்வாளர் வருவார், எந்த நாள் என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் முதலாளி ஆளை மாற்றிவிடுவார் என்று சேதி அனுப்பினார். நான் துள்ளிக் குதித்தேன். நாலு பேரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். எத்தனை வருஷமாக வறுக்கிறாய், எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவாய், ஒரு ஈடு வறுபட எவ்வளவு நேரம் ஆகும், எல்லாம் கேள்வியும் பதிலுமாக. முதலாளி பக்கத்தில் நின்றாலும் பயப்படாமல் சொல்ல வேண்டும் என்று மிரட்டினேன். மூன்றாம் அடுப்புக்காரிகூட நன்றாகச் சொன்னாள். வாயைத் தயார் பண்ணினேன். உடம்பைப் பற்றி எனக்கு ஞாபகமே வரவில்லை.

அடுப்படி எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் இது விளங்கும். அனல் முகத்தில் அடிக்கும். சேலைக் கரை தீயில் விழாமல் இருக்க முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொள்வோம். முந்தானையைச் சுருட்டி இடுப்பில் இறுக்கிவிட்டு மேலே ஆம்பிளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வோம். எங்கள் ஆலை ஆண்கள் முன்னால் அப்படி நிற்பதில் கூச்சம் கிடையாது, எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிப் பழகிவிட்டது. ஆனால் வெளி ஆம்பிளை யாராவது அடுப்படிக்கு வந்தால், லாரி டிரைவரோ, வியாபாரியோ, யாரானாலும் சரி, நாங்கள் துடுப்பைப் பக்கத்தில் நிற்கிற மூட்டைக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விடுவோம். செருகலை இறக்கி, சட்டையைக் கழற்றி, முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு, அவர் போகிறவரை சுவரோரமாக நிற்போம். மூட்டைக்காரரும் கேட்காமலே துடுப்பை வாங்கிக்கொள்வார். இரண்டு நிமிஷம் கிண்டாமல் விட்டால் தட்டு முழுக்கக் கருகிப் போகும். ஆறு வருஷமாக இப்படித்தான் நடந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. ஈ வந்தால் கை தட்டிவிடுகிறதல்லவா, அப்படி.

ஜீப் வந்தது முற்பகலில். வாசலில் சத்தம் கேட்டது, காவலாளி கேட்டைத் திறந்தான். பேண்ட் போட்ட ஒரு ஆள், கூடவே ஒரு குமாஸ்தா, பின்னால் முதலாளி வேட்டியைச் சரிசெய்தபடி ஓடி வருகிறார். களத்தைத் தாண்டி நேராக அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள்.

அவர்கள் உள்ளே வந்தபோது நாலு அடுப்பிலும் ஆண்கள் கிண்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நாலு பேரும் சுவரோரமாக, சேலையை ஒழுங்காக இறக்கிவிட்டு, விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம்.

நானும்தான். நான் எப்போது துடுப்பைக் கொடுத்தேன், எப்போது சட்டையைக் கழற்றினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒரு வருஷமாக எந்த மனிதனுக்காகக் காத்திருந்தேனோ அந்த மனிதன் வருகிறான் என்று கண் பார்க்கிறது, கை பாட்டுக்குச் செருகலை இறக்குகிறது. யாரும் எங்களை மறைக்கவில்லை. முதலாளிக்கு அவர் வருவதே தெரியாது. மூட்டைக்காரர்கள் துரோகம் பண்ணவில்லை, பண்டம் கருகிவிடக் கூடாதே என்று வாங்கினார்கள். என்னைக் கிண்டல் பண்ணின அந்த மூத்தவர்தான் என் துடுப்பைப் பிடித்திருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

ஆய்வாளர் ஒவ்வொரு அடுப்பாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பாய்ந்து போய் அந்த மூத்தவர் கையிலிருந்து துடுப்பைப் பிடுங்கினேன். நாங்கதானுங்க வறுக்கறோம், நாங்கதானுங்க, என்று கத்திக்கொண்டே கிண்டினேன். இறக்கிவிட்ட சேலை காலில் தட்டியது. கரை தீயில் படப் போனது, ஒரு கையால் அதைப் பிடித்தேன். முந்தானை நழுவியது, மற்றக் கையால் அதைப் பிடித்தேன். இரண்டு கையும் வேண்டிய துடுப்பு தட்டில் இடித்து, சுடச்சுட ஜவ்வரிசி என் புறங்கையில் கொட்டியது. சூடு தாங்காமல் கையை உதறினேன்.

ஆய்வாளர் பதறிப்போய் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவர் குரலில் அவ்வளவு கரிசனம்.

"விடுங்கம்மா, பழக்கமில்லாத வேலை. சுட்டுக்கப் போறீங்க."

அதற்கு மேல் நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. சொல்லாமல் இல்லை. மூன்றாம் அடுப்புக்காரியை இழுத்துவந்து முன்னால் நிறுத்தினேன். அவர் கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. முதலாளி அங்கே நிற்கிறார், அவள் தலை நிமிரவில்லை, கை முந்தானைக்குள் போய்விட்டது. கையைக் காட்டு, கையைக் காட்டு என்று நான் அவளை உலுக்கினேன். ஆய்வாளர், மனுவில் எழுதியதை எல்லாம் படித்தேன், நீங்கள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், ஆனால் கண்ணால் பார்த்ததைத்தான் நான் எழுத முடியும் என்று சொன்னார். பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். தோல் உரிப்பு. எழுதிக்கொண்டார். முதலாளி நீட்டிய மோரைக்கூடத் தொடாமல் ஜீப்பில் ஏறிப் போனார். லஞ்சம் வாங்கினார் என்று சொல்லித் திட்டவாவது எனக்கு ஒரு வழி விட்டிருக்கலாம். நேர்மையான ஆள்.

ஜீப் போனது. நாங்கள் போய்த் துடுப்பை வாங்கிக்கொண்டோம். அன்றைக்கு மாலை வரை வறுத்தோம்.

மூன்றாம் நாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டனுப்பினார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே கிடையாது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ங்க போடுவார். சர்க்காரே பார்த்துவிட்டு, பெண்கள் வறுப்பதில்லை என்று எழுதிவிட்டது, இனிமேல் உங்களை அடுப்பில் விட்டால் நான் சட்டத்துக்கு விரோதமாக நடந்தவன் ஆகிவிட மாட்டேனா என்று எங்களையே கேட்டார். ஆத்தூர்ப் பக்கமிருந்து நாலு ஆண்கள் வந்து இறங்கினார்கள். ஆண்கூலி. கொஞ்ச நாளைக்குக் கையைக் கடித்தாலும் பரவாயில்லை என்று துணிந்துவிட்டார். நாங்கள் நாலு பேரும் குவியலுக்குத் திரும்பினோம்.

எனக்கும் மற்ற இரண்டு பேருக்கும் அது தோல்வி, அவ்வளவுதான். பழைய இடத்தில் உட்கார்ந்து பழைய கத்தியைப் பிடித்தோம். அவளால் பிடிக்க முடியவில்லை. இடக்கையில் பிடித்துப் பார்த்தாள், துணி சுற்றிப் பார்த்தாள். கூடைக் கணக்கில்தான் உரிப்புக் கூலி. நாங்கள் ஒரு கூடை நிரப்பும்போது அவள் கூடையில் அடி மறைந்திருக்காது. மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பும்போது நாங்கள் உரித்ததை அவள் கூடையில் தள்ளுவோம். ஐந்தாறு நாளில் அவர் கண்டுபிடித்துவிட்டார். முடியாத ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன சாமி பண்ணட்டும் என்று அவளிடமே கேட்டாராம். அதற்கு அவள், ஆமாங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் சேலத்துக்கு ஓடினேன். செயலாளர் மறுபடியும் மனுப் போட்டார். ஆய்வாளரே மனசு இளகி, இரண்டு தரப்பையும் அலுவலகத்தில் வைத்து விசாரிக்கலாம் என்று தேதி குறித்தார். இது ஒரு வாசல், இதில் நுழைந்துவிடலாம் என்று செயலாளர் சொன்னார். அந்தம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், அவர் கையை மேசைமேல் வைக்கட்டும், மற்றதை நான் பேசிக்கொள்கிறேன் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குப் பழைய தைரியம் வந்திருந்தது.

வந்து பார்த்தால் அவள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மாசத்தில் பாதியாகியிருந்தாள். பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். அம்மா வீட்டில் விட்டிருப்பதாகச் சொன்னாள். அங்கேயும் கஞ்சிக்கு வழியில்லை என்பது எனக்குத் தெரியும். கையில் ஒரு வெள்ளைத் தாள் வைத்திருந்தாள், மடிப்புக் கலையாமல்.

முதலாளி அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். மூன்றாம் அடுப்பைத் திரும்பத் தருகிறேன், ஒரே ஒரு காகிதம் மட்டும் எழுதித் தர வேண்டும் என்றிருக்கிறார். அதில், நான் ஒருநாளும் அடுப்பில் வேலை செய்ததில்லை, தோல் உரிப்புத்தான் என் வேலை, மனுவில் இருப்பது எனக்குத் தெரியாது என்று இருக்க வேண்டும். ஆலைக் கணக்குப்பிள்ளை அங்கேயே எழுதித் தருவதாகச் சொன்னார். இவள் சம்மதிக்கவில்லை. நான் படித்துச் சொல்லாமல் எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைக்கக் கூடாது என்று பெண்களிடம் சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். பிரதிநிதியாக நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கக்கா எழுதட்டும், அதுல வெக்கறேன்னு சொல்லிப்போட்டு வந்துட்டனுங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கத்தினேன். விசாரணைத் தேதி குறித்தாகிவிட்டது, இன்னும் பத்து நாள் பொறுத்துக்கொள் என்றேன். நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்றேன். அடுப்பில் நிற்பதற்காக அடுப்பிலேயே நிற்கவில்லை என்று எழுதித் தருவாயா, உனக்கு மூளை இருக்கிறதா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் மெதுவாகக் கேட்டாள்.

"பத்து நாள் கழிச்சு ஜெயிச்சுப்போட்டா, அவரு எனக்கு அடுப்புத் தருவாருங்களா?"

சட்டம் ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடு என்று சொல்லும். யாருக்கு எந்த வேலை கொடு என்று சொல்லாது. அதை அப்போதுதான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன். ஜெயித்தாலும் முதலாளி அடுப்பில் ஆம்பிளையைத்தான் நிறுத்துவார். பிரதிநிதியாகிய எனக்கு இது தெரியவில்லை, கைநாட்டு வைக்கிற அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவந்தேன். எழுதினேன். அவர் கேட்டபடியே எழுதினேன். படித்துக் காட்டினேன். "ஒருநாளும்"னு போட்டீங்களாக்கா, அது கட்டாயம் இருக்கோணும்னாரு, என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். பெருவிரலை நீட்டினாள். நான் அழுத்திப் பிடித்ததில் மை கொஞ்சம் அப்பிக்கொண்டது. பரவாயில்லீங்க, தெரியுது, என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள்.

விசாரணை அன்றைக்குச் சேலம் அலுவலகத்தில் முதலாளி, செயலாளர், அவள், நான், நாலு பேரும் மேசைக்கு முன்னால் நின்றோம். செயலாளரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இந்த வாய் நீளக்காரிக்கு. முதலாளி அந்தக் காகிதத்தை எடுத்து வைத்தார். செயலாளர், இது மிரட்டி வாங்கியது, இவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, யாரோ எழுதி ஏமாற்றிக் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று ஆவேசமாகப் பேசினார். அவர் அப்படிப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். அவர் முகத்தில் அந்தக் களைப்பே இல்லை.

ஆய்வாளர் ஃபைலிலிருந்து மனுவை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே" என்றார்.

செயலாளர் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் நான்தானுங்க எழுதினேன்" என்றேன்.

ஆய்வாளர் பேனாவை மூடி வைத்தார். அவருக்கு விளங்காமல் இல்லை என்று நினைக்கிறேன். ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எழுதினது நீங்கள், பிரதிநிதியும் நீங்கள், அதனால் உங்களையே கேட்கிறேன், இதில் எது நிஜம் என்றார். சொல் தாயே, முதலாவதுதான் என்று சொல் என்று செயலாளருடைய கண் கெஞ்சியது. முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என் பக்கத்தில் நின்றாள். அந்த மூன்று விரல் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பின்னால எழுதுனதுதானுங்க நெசம். மனு நானா இட்டுக்கட்டுனது" என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு என்னிடம் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். திங்கட்கிழமை அவளுக்கு மூன்றாம் அடுப்பு கிடைத்தது. பதிவேட்டில் தோல் உரிப்பு என்றே எழுதினார்கள். பெண்கூலி.